நாற்பத்தொரு பெயர்கள்

"இந்த ஒரு வழக்குல மட்டும் நான் தோக்கவே கூடாதும்மா" என்றார் சித்தப்பா. வழக்குக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

சர்வதேசச் சட்டம், அறம், அரசியல் மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் முதுகலை வகுப்பு அது. மற்றவர்கள் எல்லாம் முப்பதைத் தாண்டாதவர்கள். இவருக்கு மட்டும் ஐம்பத்தெட்டு. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்ததாகச் சொல்வார். முதல் வாரமே யாரோ சித்தப்பா என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

"அழுதுடுவீங்க போலிருக்கே! வெறும் மாதிரி விசாரணைதானே சித்தப்பா?" என்றாள் வாயாடி. வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. குற்றஞ்சாட்டும் தரப்பை அவர் வகுப்பு நடத்தும் மேடத்திடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார். எதிர்த்தரப்பு இவள் தலையில் விழுந்திருந்தது.

"நான் நிம்மதியாத் தூங்கி இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னிக்குக் குற்றவாளின்னு தீர்ப்பு வந்தா தூங்கிடுவேன்."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. "பாவம்டி, இவர் வீட்ல யாரையோ கொண்டுபோயிருக்காங்க" என்று தோழியின் காதில் கிசுகிசுத்தாள். "ரெண்டு வார்த்தை பேசிட்டு விட்டுக்கொடுத்துடறேன். மார்க் போனாப் போகுது."

வழக்கு இதுதான். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், மேலதிகாரி சொன்னபடி ஒரு தட்டச்சர் பட்டியல் ஒன்றை அடித்துக் கொடுத்தார். அதில் இருந்த நாற்பத்தொரு பேரும் லாரியில் ஏற்றப்பட்டார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. தட்டச்சர் குற்றவாளியா, இல்லையா?

துறையின் வழக்கப்படி கோப்பில் ஊர், ஆண்டு, பெயர்கள் எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். ஆட்களுக்குப் பதில் வெறும் எண்கள்தான் இருந்தன.

சித்தப்பா எழுந்தார். "அடிச்சவனுக்கு எல்லாம் தெரியும் மேடம். ஜன்னலுக்கு வெளியிலேயே லாரி நின்னுச்சு" என்றவர், கோப்பை மூடி வைத்தார். "அப்புறம், இவங்க வெறும் நம்பர் இல்ல."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பெயர், தகப்பன் பெயர், தொழில். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை வரிசை பிசகவில்லை. மேஜைமேல் அவருடைய பத்து விரல்களும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தடுக்க வேண்டிய மேடமே கறுப்பு மை பூசிய கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் வாயாடி.

சொன்னார். கடிகாரம் பழுது பார்ப்பவர். அவள் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எழுந்து பேசினாளே பார்க்கலாம்! விட்டுக்கொடுப்பதாகச் சொன்னவள் விளாசித் தள்ளினாள். பட்டியல் எதற்கென்று தட்டச்சரிடம் யார் சொன்னார்கள்? லாரியைப் பார்த்தால் போதுமா, அது எங்கே போகும் என்று தெரியுமா? அடிக்க மாட்டேன் என்றிருந்தால் நாற்பத்திரண்டாவது பெயர் யாருடையதாக இருந்திருக்கும்? சித்தப்பா திணறத் திணற, ஒவ்வொரு வாதத்தையும் பிடுங்கி எறிந்தாள். தோழிக்கே அவள்மேல் கோபம் வந்தது.

நடுவர்களாக உட்கார்ந்திருந்த ஒன்பது மாணவர்களில் ஏழு பேர் அவள் பக்கம் கை தூக்கினார்கள். குற்றவாளி இல்லை.

எல்லோரும் கலைந்து போனார்கள். சித்தப்பா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. வாயாடி பையை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?" என்றார் அவர். "அந்த லிஸ்ட்ல எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்ல. அதை அடிச்சதே நான்தான். எந்தக் கோர்ட்டும் என்னைக் கூப்பிடவே இல்ல. இங்கயாவது ஒரு தண்டனை கிடைக்கும்னு பார்த்தேன்."

"உங்க விரல் மேஜைல டைப் அடிச்சதைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ஏழாவது பேரு எங்கப்பா."

சித்தப்பா சட்டென்று நிமிர்ந்தார். அப்படித் தெரிந்துமா தனக்காக வாதாடினாள்? கும்பிடுவதற்காகக் கைகள் தாமாகவே உயர்ந்தன.

வாயாடி கதவருகே போய்த் திரும்பினாள்.

"தண்டனை கொடுத்தா நீங்க தூங்கிடுவீங்களே, சித்தப்பா."