இங்கிலாந்து மெஷின்

"பாய், இது அசல் இங்கிலாந்து மெஷின்தானே?"

கொடைக்கானல் பஜாரில் தஸ்தகீரின் பழம்பொருள் கடைக்கு வந்திருந்த பேராசிரியர் ராஜமுருகன், காபிக்கொட்டை அரைக்கும் கைமெஷினின் பிடியைச் சுற்றிப் பார்த்தார்.

"தகட்டுலயே போட்டிருக்கே சார்."

"அதான் வெண்ணெய் மாதிரி சுத்துது! நம்மாளு செஞ்சிருந்தா பல்லு உடைஞ்சு என்னைக்கோ மூலையில கெடக்கும்."

தஸ்தகீர் 'மேட் இன் இங்கிலாந்து' தகட்டைத் துணியால் துடைத்தார்.

"எடுத்துக்கிறேன். அந்தத் தகட்டை மட்டும் வெரசா கழட்டிருங்க."

"ஏன் சார்?"

"எங்க காலேஜ்ல கண்காட்சி. சுதந்திரம் வாங்கின புதுசுல நம்ம நாட்டுலயே செஞ்ச மெஷின்களை வைக்கிறோம். மந்திரி வந்து இதைச் சுத்தப்போறாரு. நம்ம மெஷினை வெச்சா, பாதியில நின்னு மானத்தை வாங்கிரும்."

தஸ்தகீர் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தார். அடியில், இரும்போடு சேர்த்து வார்த்த எழுத்துகள் இருந்தன: 'கோயம்புத்தூர், 1952'.

"தகடு நான் மாட்டினது சார். நம்ம ஊர் பேரைப் பாத்தா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க. உங்க கண்காட்சிக்கு அசலே கெடைச்சிருச்சு பாருங்க!"

ராஜமுருகன் பிடியிலிருந்து கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, தப்பிச்சேன். வேற இங்கிலாந்து மெஷின் இருந்தா காட்டுங்க."