நைஜீரியா ஊசி

"நைஜீரியா போறதுக்கு முன்னாடி மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடணும் டாக்டர்" என்றாள் சுந்தரவல்லி.

கிழக்குத் தாம்பரம் கிளினிக்கில் டாக்டர் சத்யநாராயணன் சிரித்தார். "போன வருஷமும் முகுந்தனுக்காக நீங்கதான் வந்து கேட்டீங்க. உங்க பையன் டைம் இல்லைன்னு ஊசி போடாமலே ஃப்ளைட் ஏறிட்டான். இப்ப லீவுல வந்திருக்கானா? இந்தத் தடவையாவது அவனைக் கூட்டிட்டு வாங்கம்மா."

"கூட்டிட்டு வரத்தான் டாக்டர் நான் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன மாசம் அங்கே அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்துடுச்சு. பிழைச்சுட்டான். ஆனா ரெண்டு காதும் கேக்கலை. தனியா ஃப்ளைட் ஏறப் பயப்படறான்."

குரல் உடையாமல் சொல்லி முடித்து, ஜாக்கெட் கையை மேலே சுருட்டிக்கொண்டாள்.

டாக்டர் பஞ்சை எடுத்தார். 'வலிக்காதும்மா' என்று சொல்ல வந்தவர், சொல்லவில்லை.