நாற்பத்தொன்றாவது ஆள்

ஆராய்ச்சி மாணவர் அறையில் மதிய வெயில் நேராகக் கணினித் திரையில் விழுந்து பாதி எழுத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எனக்கு சீனியரான அக்கா இடது கையால் வெயிலை மறைத்தபடி, வலது கையால் தன் கட்டுரையின் துணைநூற்பட்டியலில் காற்புள்ளிகளை முற்றுப்புள்ளிகளாக மாற்றுகிறாள். பட்டியல் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது ஆய்விதழின் கட்டளை. அவளிடம் நாற்பத்தொன்று இருக்கிறது. கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்குப் பட்டம். "ஏதாவது ஒண்ணத் தூக்குக்கா. அஞ்சு மணிக்கு சைட்ட மூடிடுவானுங்க." "யாரடா தூக்குறது? எல்லாம் பெரிய இடம்." ஆய்விதழின் பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னார், ஐந்தையும் எழுதியவர் ஒருவரே. அந்த மதிப்பீட்டாளர் யார் என்பது பரம ரகசியம். நெறியாளருடைய கட்டுரைகள் மட்டும் ஒரு பக்கம் வருகின்றன. அவற்றில் கைவைக்க இந்தத் துறையில் யாரும் பிறக்கவில்லை. மின்விசிறி கடகடக்கிறது. அம்புக்குறி மேலும் கீழும் அலைந்து ஒரு வரியில் நிற்கிறது. அக்காவின் பெயரில் அச்சான ஒரே கட்டுரை அது. அதை இதுவரை உலகத்தில் ஒருவரும் தம் பட்டியலில் சுட்டியதில்லை. இதுதான் முதல் தடவை. "அக்கா, அது உன்னோடது." "அதான். இது போனா எவனும் போன் போட்டுக் கத்த மாட்டான்." விசையை அழுத்துகிறாள். கீழே இருந்த எண்களெல்லாம் சமர்த்தாக ஒரு படி ஏறி, அங்கே ஒருத்தி இருந்த சுவடே இல்லாமல் மூடிக்கொள்கின்றன. நாற்பது. அக்கா வெயிலை மறைத்திருந்த கையை இறக்குகிறாள். திரையில் இப்போது எதுவுமே தெரியவில்லை.