ஆறாம் கூடாரத்தின் ஈரத் துண்டு

மெர்ஸூகா பாலைவனத்து மணல்மேட்டு விடுதியின் கிணறு வற்றி ஐந்து நாளாகிவிட்டது. தண்ணீர் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை கூடாரங்களைப் பிரித்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். இருந்தும் விடுதியில் துப்புரவு வேலை பார்க்கும் தூடா வழக்கம்போல, விருந்தினர் எழுமுன் மணலிலிருந்த காலடித் தடங்களை ஈச்சமட்டையால் கூட்டி அழித்துக்கொண்டு வந்தாள். யாரும் தங்காத ஆறாம் கூடாரத்தில் இன்றும் துண்டு நனைந்திருந்தது.

"ஹம்மு அண்ணே, இங்க யாரு குளிச்சது?"

"குடிக்கவே தண்ணியக் காணோம், இவளுக்குக் குளியல் கேக்குது!" என்றார் ஒட்டகக்காரர்.

வாசலில் ஈரக் காலடிகள் உள்ளே வந்திருந்தன. வெளியே போன தடம் இல்லை. மூன்று நாளாக இவற்றையும் அவளேதான் அழித்திருந்தாள். இன்று மட்டையைப் போட்டுவிட்டு, அவை வந்த வழியே நடந்தாள். மேட்டுக்குப் பின்னால், ஒரு பள்ளத்தின் நடுவில் அவை தொடங்கியிருந்தன. முழங்கை ஆழம் தோண்டினாள். மணல் கையில் ஒட்டியது.

"அண்ணே, மண்வெட்டி எடுத்துட்டு ஓடியாங்க!"

அவர் வருவதற்குள் ஒட்டகங்களெல்லாம் எழுந்து, அந்தப் பள்ளத்தைப் பார்த்து நின்றன.