பஞ்சில் ஏறிய நிறம்

வெள்ளைப் பஞ்சு சிவந்திருந்தது.

அவள் பாலிஷ் மெஷினை அணைத்தாள். சுழன்றுகொண்டிருந்த பஞ்சு வட்டம் நிற்கும்வரை கண் கொட்டாமல் பார்த்தாள். நின்ற பிறகும் அது சிவப்பாகத்தான் இருந்தது.

காரும் சிவப்பு. மாமனாரின் கார்.

கார் பாலிஷ் போடும் தொழிலில் இருக்கும் அண்ணன், மெஷினை இரவல் கொடுக்கும்போது படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கீறல் அதில்தான். அதை மட்டும் இழைத்தால் போதும். பஞ்சில் காரின் நிறம் ஏறிவிட்டால் பூச்சைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் முழுக் கதவுக்கும் பெயிண்ட்தான்.

எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்தாள்? மண் துகள் இல்லாமல் கழுவினாள். கதவின் விளிம்புகளில் டேப் ஒட்டினாள். பஞ்சில் பட்டாணி அளவுக்கு நாலே சொட்டு பாலிஷ். குறைந்த வேகம். மெஷினின் எடையைத் தவிர வேறு அழுத்தமே இல்லை.

பின்னே எப்படி?

மணி பத்தே கால். முடிவெட்டப் போன மாமனார் பத்தரைக்கெல்லாம் வந்துவிடுவார்.

போன வாரம்தான் இரண்டாவது சாவியை அவள் கையில் கொடுத்திருந்தார். சும்மா கொடுக்கவில்லை. "பன்னெண்டு வருஷம்மா. ஒரு கீறல் கிடையாது. ஒண்ணே ஒண்ணு விழட்டும், சாவி திரும்ப எங்கிட்ட வந்துடணும்."

சாவி போனால் வேலையும் போகும். ஆஸ்பத்திரி லேபில் காலை ஐந்து மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான். வெளியூரில் இருக்கும் கணவனிடம் சொன்னால் "அப்பாகிட்ட நான் பேசறேன்" என்பான். அப்பாவிடம் அவன் பேசுகிற பேச்சு எல்லாருக்கும் தெரியும். "சரிப்பா."

நேற்று கடையின் பார்க்கிங்கில் ஒரு தூண். பின்கதவில் சாண் நீளத்துக்குக் கீறல். ராத்திரி அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்திச் சமாளித்தாள். நகத்தால் தடவிப் பார், நகம் மாட்டாவிட்டால் போய்விடும் என்றான் அண்ணன். மாட்டவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மெஷினைக் கையில் எடுத்தாள்.

அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, பஞ்சு செவந்துடுச்சு."

"எத்தனாவது தடவை ஓட்டறப்போ?"

"மொத தடவையே."

"வேற பஞ்ச மாட்டி, முன்கதவுல லேசா ஒரு தடவை ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். தூக்கிப் பார்த்தாள். புதுப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அப்போ நீ ஒண்ணும் பண்ணல, லூசு. அந்தப் பின்கதவுல மேல்பூச்சே கெடையாது. எவனோ மலிவா முடிச்சுக் குடுத்திருக்கான். யாரோ முன்னாடியே அடிச்சிருக்காங்க."

"வண்டியையா, பெயிண்டையா?"

"ரெண்டையும்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. பன்னிரண்டு வருடம், ஒரு கீறல் கிடையாதாம்! வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளக்கிறாரே! கேட்கட்டும் சாவியை. கழற்றி வைத்திருந்த சிவந்த பஞ்சை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பினால் மாமியார். துவைத்த துணிக்கூடையோடு நின்றிருந்தார். கண் பஞ்சின் மேல்.

"அத்தை, மாமா இந்தக் கதவ எங்கயோ நல்லா இடிச்சிருக்கார். கமுக்கமா பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கார். வரட்டும், இன்னிக்கு இருக்கு அவருக்கு!"

சேர்ந்து சிரிப்பார் என்று நினைத்தாள். மாமியாரின் விரல்கள் கூடையின் பிடியில் இறுகின. உதட்டில் ரத்தமே இல்லை.

கேட் கிரீச்சிட்டது.

மாமனார். கழுத்தில் இன்னும் பவுடர். மெஷினைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பாதி அழிந்தும் அழியாமலும் கிடந்த கீறலைக் குனிந்து பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"சாவி."

பஞ்சு இருந்த கையை அவள் உயர்த்தினாள். வாயைத் திறந்தாள். அப்போது மாமியாரின் முகம் கண்ணில் பட்டது.

உயர்த்திய கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. மற்றக் கை சாவியை எடுத்து நீட்டியது.

அதை இடையில் வாங்கிக்கொண்டது மாமியார். துணிக்கூடை தரையில் இருந்தது.

"நீங்க ஊர்ல இல்லாதப்ப அந்தக் கதவ இடிச்சது நானுங்க."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். "மருமகளக் காப்பாத்த நல்லாப் பொய் சொல்றே. உனக்கு பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எதுன்னு தெரியுமாடி?"

மாமியார் முன்கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் உயரத்துக்கு இருக்கை ரொம்பப் பின்னால் இருந்தது. குனிந்து தேடவில்லை. கை தானாக அடியில் போய்க் கம்பியைப் பிடித்து இழுத்தது. இருக்கை சரக்கென்று முன்னால் வந்தது.

மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

நடுக்கண்ணாடியைத் தன் கண்ணுக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு மாமியார் சொன்னார்.

"கொஞ்சம் கேட்டத் தெறந்து விடுங்க."