மஞ்சள் நிறக் காணி

பிரான்காச்சோ பகுதித் தேவாலய மண்டபச் சுவரில் நகரசபையின் திட்ட வரைபடம் தொங்குகிறது. வீடு கட்டும் காணிக்கு மஞ்சள், தொழிலிடங்களுக்கு ஊதா. யன்னல் வெயில் சரிந்து கிடக்கும் மஞ்சளுக்குள்தான் கதிரைகளுக்கு ஸ்ரான்லி மெத்தை தைக்கிற பட்டறையும், அதன் பின்னால் திரை கட்டி அவனும் மனைவி சுஜானியும் குடியிருக்கிற அறையும் இருக்கின்றன. வீடுகள் எழும்பினால் அவர்களுக்கும் ஒன்று கிடைக்கும். திட்டத்துக்கு அயல் நகரசபை அனுப்பிய பதில் வரைபடத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது; அதை அவன் வாசிக்கிறான்.

“வீடுகளை நீங்கள் கட்டுங்கோ, பட்டறையளை எங்கடை பக்கம் அனுப்புங்கோவாம்.”

“சம்பந்தம் பேசுற மாதிரியெல்லோ கிடக்கு,” என்று சுஜானி சிரிக்கிறாள்.

“சிரியும். நான் அங்கை, நீர் இஞ்சை. பகல் முழுக்க உம்மைக் காணாமல் என்னெண்டு தைக்கிறது? நகரசபைக்கு வேண்டாமெண்டு எழுதப்போறன்.”

அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து ஊதிவிடுகிறாள். “இஞ்சருங்கோ, கலியாணம் கட்டினதிலையிருந்து நீங்கள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாறதை நான் ஒருநாளும் பாத்ததில்லை. நீங்கள் கதவைத் தட்ட, ஓடிவந்து திறக்கவேணும் எண்டு எனக்கு ஆசை.”

ஸ்ரான்லி வரைபடத்தின் பக்கம் திரும்புகிறான். பிறகு எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து விரலை மெல்ல நடத்திக்கொண்டு வந்து, மஞ்சளில் நிறுத்தி, இரண்டு தட்டுத் தட்டுகிறான்.

“ஆரது?” என்கிறாள் சுஜானி.