ஏழு கிலோவுக்குள்

கோவை விமான நிலையத்தில், பெட்டிகளை எடை போடும் கவுன்ட்டர் முன்னால், அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர்.

நான். என் மனைவி பாவாத்தாள். மூத்த மருமகள் பிருந்தா. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண். ரெஜினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. எங்களுக்குப் பின்னால், வரிசையில், என் பங்காளி சென்னியப்பன்.

வேறு யாரும் இல்லை. நானும் பார்த்தேன் என்று சொல்பவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

தராசில் பிருந்தாவின் கேமராப் பை இருந்தது.

ஒன்பது கிலோ நானூறு.

"கையோட கொண்டுபோக ஏழு கிலோதான் சார். இதையும் பெட்டிகளோட அனுப்பிருங்க. உடையற சாமான்னு ஸ்டிக்கர் ஒட்டித் தரேன்" என்றாள் ரெஜினா.

"போன தடவையும் ஒட்டுனாங்க" என்றாள் பிருந்தா.

போன வருடம் அந்தப் பை பெட்டிகளோடுதான் போனது. இறங்கி எடுத்தபோது பெரிய லென்ஸின் முன்கண்ணாடி மூன்று துண்டாக இருந்தது. பறவைகளைப் படமெடுக்கக் காட்டுக்குப் போனவள் ஒரு படமும் இல்லாமல் திரும்பினாள். ஒரு கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

இந்த முறை அஸ்ஸாம். இருவாச்சிப் பறவை. பத்து நாள் வேலை. நாங்கள் டெல்லியில் சின்ன மகன் வீட்டோடு நின்றுவிடுவோம். அங்கிருந்து அவள் தனியாகப் போக வேண்டும். ஒரு பத்திரிகை அவளை நம்பி அனுப்புகிறது. மறுபடியும் வெறுங்கையோடு வந்தால் அடுத்த அழைப்பு வராது.

அதை அவள் சொல்லவில்லை. தராசின் மேலிருந்த பையிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். ரெஜினா இரண்டு முறை எடுக்கச் சொன்னாள்.

செய்யக்கூடியதை எல்லாம் அவள் செய்திருந்தாள். ட்ரைபாட் பெட்டிக்குள், என் வேட்டிகளுக்கு நடுவில். பேட்டரியும் மெமரி கார்டும் இடுப்புப் பையில். கைப்பையை எல்லா நாளும் எடை போடுவதில்லை. அன்று போட்டார்கள்.

பையைத் திறந்தாள்.

லென்ஸுகளுக்கு நடுவில் ஒரு எவர்சில்வர் டப்பா.

எல்லோரும் பாவாத்தாளைப் பார்த்தோம்.

"உள்ள மெத்து மெத்துனு இருந்துச்சுங்க. முறுக்கு ஒடையாமப் போகோணும்னு வெச்சேன்."

டப்பா வெளியே வந்தது. அரைக் கிலோ.

எட்டு கிலோ தொள்ளாயிரம்.

பின்னாலிருந்து சென்னியப்பன் பேசினான்.

"ஏனுங்க பங்காளி, இந்தத் தடவை முறுக்காச்சும் முழுசாப் போய்ச் சேரட்டுமுங்க."

நான் திரும்பவில்லை.

"கையில புடிச்சிருக்கறதையும் எடை போடுவீங்களா, அம்மிணி?" என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"ஒரு சாமான் கையில வச்சுக்கலாம் சார். அதுக்கு எடை இல்லை."

ஒளித்துக் கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம் அல்ல. அதனால்தான் முதலில் கேட்டேன்.

பெரிய லென்ஸ் இரண்டு கிலோ. முழங்கை நீளம். அதற்குத் தனியாக உறை கிடையாது. பைதான் உறை.

எங்கள் வீட்டில் தோள் துண்டு இறங்குவது இரண்டே இடங்களில். சாமி முன்னால். சாவு வீட்டில். தாசில்தார் முன்னால் என் அப்பா இறக்கவில்லை. கலெக்டர் முன்னால் நான் இறக்கவில்லை. வாய்க்கால் வழக்கில் தோற்ற அன்றும் துண்டு தோளில்தான் இருந்தது.

எடுத்தேன்.

"மாமா, துண்டுங்க..." என்றாள் பிருந்தா.

"நேத்துத் துவைச்சதுதான். புடி."

லென்ஸை நடுவில் வைத்தாள். நான்கு மடிப்பு. முனைகளை நானே செருகினேன்.

பை மறுபடி தராசில் ஏறியது. ரெஜினா எண்ணைப் பார்த்தாள். கைப்பைக்குக் கட்டும் சீட்டை எடுத்துக் கட்டினாள்.

பாதுகாப்புச் சோதனையில் ட்ரேயில் வைக்கச் சொன்னார்கள். பிரித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மறுபடி நான்கு மடிப்பு.

விமானம் கிளம்பும்போது மடியில் எதுவும் இருக்கக் கூடாதாம். முன் இருக்கைக்குக் கீழே, என் இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்தேன். மேலே போனதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம். நான் சாயவில்லை.

விமானத்தில் கண் மூடாதவள் என்று மூத்த மகன் சொல்லியிருக்கிறான். பிருந்தா தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாவாத்தாள் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு முறுக்கு நீட்டினாள். உடையாத முறுக்கு. கை ஒழியவில்லை என்று சைகை காட்டினேன். அவளே ஒடித்து ஊட்டினாள். நாற்பத்து நான்கு வருடத்தில் பொது இடத்தில் அது முதல் முறை.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பத்திரிகையின் அட்டையில் வந்த படம். மரப் பொந்துக்குள் அடைந்திருக்கும் பெட்டைக்கு, வெளியே நின்று ஆண் இருவாச்சி பழம் ஊட்டுகிறது. பழத்தின் மேல் இருக்கும் நீர்த்துளி வரை தெரிகிறது.

வருகிறவர்களை அதற்கு நேர் எதிரே உட்கார வைக்கிறேன். சென்னியப்பனையும் உட்கார வைத்தேன். இரண்டு காபி குடித்துவிட்டுப் போனான்.

பால் சொசைட்டியில் இன்னும் ஒரு பேச்சு நடக்கிறது. மருமகளுக்காக நான் துண்டை இறக்கி, பேத்தி வயதுப் பெண்ணிடம் கெஞ்சினேன் என்று.

கெஞ்சவில்லை.

பை ஆறு கிலோ தொள்ளாயிரம் இருந்தது.